ஜெயகௌரியின் படத்துக்கு ஏற்றிய விளக்கு

இன்டர்லாக்கனில் ஒரு ஹொட்டேலின் நிலக்கீழ் லொண்ட்ரியில் காலைப் பௌசெ, இடைவேளை நேரம். ஜெயகௌரி கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கைபேசியைத் திறந்தாள். அதில் தன்னுடைய முகம் மாலையோடு ஒரு சுவரில் தொங்குவதைக் கண்டாள்.

அது அவளுடைய முகம்தான். இருபத்தொரு வயது முகம். வரித்தொப்பி, இரட்டைப் பின்னலாய்ப் பின்னி மடித்துக் கட்டிய தலைமயிர், சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பக்கம் இழுபட்ட வாய், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மிதப்புப் பல். படத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பூமாலை போட்டிருந்தார்கள். கீழே சின்னக் குத்துவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஜெயகௌரியின் நாக்கு தானாகவே போய் அந்தப் பல் இருந்த இடத்தைத் தொட்டது. அந்தப் பல்லையும் பக்கத்துப் பல் இரண்டையும் தாடையில் கொஞ்சத்தையும் இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு ஷெல் துண்டு கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே இருப்பது சுவிஸ் பல்.

படத்தோடு ஒரு குரல்பதிவும் வந்திருந்தது. பேசியது ஊஸ்டரில் இருக்கும் ஹரிஷா என்ற பிள்ளை. சூரிச்சில் சரித்திரம் படித்துப் பட்டம் எடுத்தவள். அவர்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பெண்கள் தாமாகச் சேர்ந்து உருவான ஒரு காலாட்படை அணியின் கதையைப் புத்தகமாக எழுதுகிறாளாம். அவளுடைய அப்பாவின் தங்கை இந்திரா அந்தப் படையணியில் நின்று கடைசிச் சண்டையில் இறந்தவராம். இன்டர்லாக்கனில் அதே படையணிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கோயிலில் யாரோ சொல்லித்தான் இந்த நம்பர் கிடைத்ததாம். பிள்ளை தயங்கித் தயங்கித் தமிழ் பேசினாள். கடைசியாகக் கேட்டாள்: “இதுதான் எங்கட மாமி. நீங்கள் அவவை அறிஞ்சிருப்பீங்களோ அன்ரி?”

ஜெயகௌரி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மெஷினில் படுக்கை விரிப்புகள் காய்ந்து முடிந்து மணி அடித்தது. எழும்பிப் போய் ஒவ்வொன்றாய் எடுத்து மடித்தாள். அன்றைக்கு அவள் மடித்த விரிப்புகளில் பாதியை லொண்ட்ரிக்குப் பொறுப்பான செஃபின் திருப்பி மடிக்கச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

பின்னேரம் அவளுடைய மனிசன் குணசேகரம் வேலைக்குப் போக முதல் சாப்பிட உட்கார்ந்தபோது படத்தைக் காட்டினாள். குணசேகரம் ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் இருபது வருசமாகச் சமைப்பவர். எதையும் முதலில் பகிடியாக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் இவ்வளவு காலமும் ஆவியோடையோ குடும்பம் நடத்தினனான்?” என்றார். “அதுதான் பாத்தன், கறியிலை உப்புச் சரியாய் இருக்கிறேல்லை.”

ஜெயகௌரி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் கைபேசியை மெல்ல மேசையில் வைத்துவிட்டார். இந்திரா யார் என்று அவருக்குத் தெரியும். கலியாணம் முடித்த முதல் மாதத்திலேயே ஜெயகௌரி சொல்லியிருந்தாள். படையணியைப் பற்றி அவள் அவரிடம் சொன்னதே மிகக் கொஞ்சம். அதில் முக்கால்வாசி இந்திரா.

அங்கே இருவருக்கும் வேறு பெயர்கள் இருந்தன. எல்லோருக்கும்தான். இந்தக் கதைக்கு வீட்டுப் பெயர்களே போதும்.

ஜெயகௌரி தென்மராட்சிப் பிள்ளை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவர்களுடைய வளவுக்குள் மட்டும் ஆறு குடும்பங்கள் வந்து தங்கின. அடுத்த வருசம் அவளும் பெட்டி கட்டிக்கொண்டு வன்னிக்குப் போனாள். அங்கே ஒருநாள், யாரும் கூப்பிடாமல், யாரும் இழுக்காமல், தானாகப் போய்ப் படையணியில் சேர்ந்தாள். பதினெட்டு வயது. ஏன் போனாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கே அகதி விண்ணப்ப விசாரணையிலும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன காரணம் உண்மை. ஒவ்வொரு முறையும் அது வேறு காரணம். அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையை இன்றைக்கு அவளே பக்கத்தில் இருத்திக் கேட்டாலும் முழுப் பதில் வராது என்றுதான் நினைக்கிறாள்.

பயிற்சியில் அவளுக்கு அடுத்த ஆளாக நின்றவள் இந்திரா. உயரம், கறுப்பு, பெரிய வாய். வலக்கை நடுவிரலில் மேல் கணு இல்லை. யாராவது அந்த விரலைப் பார்த்தால் போதும், தானாகவே தொடங்கிவிடுவாள். அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாராம். இவளுக்கு ஆறு வயது. சுற்றுகிற செயினைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்ததாம். அதே வருசம் அண்ணன் சுவிசுக்குப் போய்விட்டார். “என்ர விரலிலை கொஞ்சத்தையும் கொண்டெல்லோ போனவர்” என்று முடிப்பாள். அழுகிற கதையை இப்படிச் சிரிக்கிற கதையாக்கத் தெரிந்தவள் அந்த அணியில் அவள் ஒருத்திதான்.

படையணிக்குள் சென்றிக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரவில் காவல் மாறும்போது பேசக்கூடாது. அடுத்த முறைக்காரி பின்னால் ஊர்ந்து வந்து, நிற்பவளின் இடத் தோளில் கையை வைத்து ஒருதரம் அழுத்துவாள். இனி இந்த இடம் என்னுடையது, நீ போய்ப் படு என்று அதற்குப் பொருள். கை படாமல் யாரும் இடத்தை விட்டு அசையக்கூடாது. மழை கொட்டினாலும், கண் செருகினாலும், அடுத்தவள் வர எவ்வளவு பிந்தினாலும் நிற்க வேண்டும். நாளாக ஆக, இருட்டில் வந்தது யார் என்று கையை வைத்தே தெரிந்துவிடும். இந்திராவின் கை என்றால் மூன்று விரலின் நுனி அழுத்தும். நடுவில் ஒன்று தொடாது.

அந்தப் படம் எடுத்த நாளும் ஜெயகௌரிக்கு நல்ல ஞாபகம். படப்பிடிப்புக்காரப் பிள்ளை ஒருத்தி முன்னரங்குக்கு வந்து அவளை மண் அணையோடு நிற்கச் சொன்னாள். முகத்தை இறுக்கமாக வைக்கும்படியும் சொன்னாள். பொத்தானை அமத்தப் போகிற நேரம் பின்னால் வந்த இந்திரா, பட்டப்பகலில், சென்றி மாறுவதுபோல் தோளில் கையை வைத்து அழுத்தினாள். உன்ர முறை முடிஞ்சுது, தள்ளு, இனி நான் நிக்கிறன் என்று அர்த்தம். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் விழுந்தது. படத்தின் மற்றப் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு இந்திரா நின்றாள். படத்தை இந்திராதான் வைத்திருந்தாள். பத்து வருசம் பொதிக்குள் வைத்துக் காவித் திரிந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில் ஒரு விடியப்புறம் ஜெயகௌரி காய்ச்சலோடு சென்றியில் நின்றாள். இந்திரா தன் முறைக்கு முன்னமே வந்துவிட்டாள். தோளில் கை விழுந்தது. அழுத்தியது. ஜெயகௌரி பின்னுக்குப் போய்ப் படுத்தாள். வெளிச்சம் வரும்போது அந்த இடமே இருக்கவில்லை.

அதன் பிறகு ஜெயகௌரி எத்தனையோ இடம் மாறினாள். ஆஸ்பத்திரி, முள்ளுக்கம்பி முகாம், தடுப்புக்காவல், கொழும்பு, கடைசியில் இந்த நாடு. எங்கே போனாலும் உட்கார்ந்தபடி அவளுக்கு நித்திரை வருவதில்லை. பஸ்ஸிலும் ரெயிலிலும் கண் மூடமாட்டாள். குணசேகரம் அதையும் பகிடி பண்ணுவார்: இவளுக்கு ரிக்கெட் பாதி விலைக்குத் தரவேண்டும், டிரைவரோடு சேர்ந்து இவளும்தானே முழித்திருக்கிறாள் என்பார்.

இப்போது அவர் பகிடி விடவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“அந்த மனுசனிட்டை தங்கச்சியின்ர எண்டு இருக்கிறது ஒரு படம். நீ போய் அது நான் எண்டு சொன்னால், பிறகு அவருக்கு என்ன இருக்கு?”

அதைத்தான் அவளும் மடித்த விரிப்புகள் அத்தனையிலும் யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். முகத்தில் என்ன இருக்கிறது? இந்திரா அவளுடைய சென்றியை எடுத்தாள். அவளுடைய முகத்தையும் எடுக்கட்டும். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு இதம்கூட இருந்தது. ஆனால் ஹரிஷா அடுத்த நாள் இன்னொன்றும் அனுப்பினாள். நவம்பர் நினைவு நாளுக்கு முதல் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். மாமியின் படம்தான் அட்டையாம். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய வாய்க்காரியை இனி உலகம் முழுக்க இந்த மிதப்புப் பல்லோடு பார்க்கும். இந்திரா எங்கேயுமே இல்லாமல் போய்விடுவாள்.

பதிலுக்கு ஜெயகௌரி சுருக்கமாகச் சொன்னாள்: “ஓம், தெரியும். நேரிலை வாறன்.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளிக்கிட்டார்கள். பேர்ன் வழியாகப் போனால் கெதியாகப் போகலாம். ஜெயகௌரிக்குக் கெதியாகப் போக மனமில்லை. பிரூனிக் மலை ஏறி லூசேர்ன் வழியாகப் போகும் ரெயிலைச் சொன்னாள். ரெயில் பல்லுத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறத் தொடங்கியதும் குணசேகரம் ஜன்னலைக் காட்டினார். குடியுரிமை நேர்காணலுக்கு என்று அவர் படித்து வைத்திருந்த சரித்திரம் இன்னும் மறக்கவில்லை. இந்த நாட்டவர்களும் ஒருக்கால் தங்களுக்குள் அடிபட்டவர்கள் என்றார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு, அதுவும் ஒரு நவம்பர். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் மற்றக் கட்சி. ஒரு மாதம் முடிய முதலே சண்டை முடிந்தது. அடுத்த வருசம் ஒன்றாக உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள்.

“செத்தது எத்தினை பேர்?” என்று கேட்டாள் ஜெயகௌரி.

“ரெண்டு பக்கமும் சேர்த்து நூறு வரும்.”

அவள் நம்பாமல் அவரைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். எல்லை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒரே புல், ஒரே மாடு, ஒரே மணிச் சத்தம். உச்சியில் ரெயில் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு கிழவியும் நாயும் ஏறினார்கள். ஒரு நாடு தன் சண்டையை இவ்வளவு சின்னதாய் முடித்துவிட்டு அதற்கு மேலே புல் வளர்த்திருக்கிறது. ஜெயகௌரிக்குப் பொறாமை வரவில்லை. மலையைப் பார்த்து வாய் பிளப்பதுபோல் வாய் பிளக்கத்தான் வந்தது. அவளுடைய படையணியின் ஒரு காலை நேரம் மட்டும் அந்த நூறுக்குள் அடங்காது.

ஊஸ்டரில் மூன்றாம் மாடி வீடு. கதவைத் திறந்தவர் தில்லைநாதன், இந்திராவின் அண்ணன். அறுபது தாண்டிய மனிதர். பள்ளிக்கூடங்கள் துப்புரவாக்கும் வேலை. முழங்கால் வருத்தத்தோடு நடந்தார். உயரம், கறுப்பு, பெரிய வாய். ஜெயகௌரி வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டாள். இந்திராவின் முகத்தைத் தேடினால் அது இந்த வீட்டுக்குள் நடந்துதிரிந்தது. இவ்வளவு காலமும் இவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லையா என்று அவளுக்குத் தோன்றியது.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஹரிஷாவுக்கும் தெரியவில்லை. கண்ணாடி, நரை, திருத்திக் கட்டிய தாடை, எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம். வந்தவர்கள் முதலில் தங்கச்சிக்குப் பூ வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். தில்லைநாதன் பூத்தட்டை நீட்டினார். ஜெயகௌரி அதை வாங்கிக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றாள். மாலைக்குள்ளிருந்து அவளுடைய மிதப்புப் பல் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்குப் பின்னால் குணசேகரம் தொண்டையைச் செருமினார்.

“அண்ணை, முதல்லை கதைப்பம்” என்றாள் அவள். “பூவைப் பிறகு வைக்கிறன்.”

தில்லைநாதன் பூத்தட்டைத் திரும்ப வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. ஹரிஷா ஒலிப்பதிவைத் தொடக்கி வைத்துவிட்டுக் கேள்விகள் கேட்டாள். எந்தச் சண்டை, எந்த வருசம், எத்தனை பேர் என்று பிள்ளை நிறையப் படித்துத்தான் இருந்தாள். ஜெயகௌரி சொன்னவை வேறு. படையணி சுட்டதைவிட வெட்டியது கூட என்றாள். பதுங்குகுழி, மண் அணை, தண்ணீர் ஓடுகிற கான், புதைகுழி. நாலடி பதினொரு அங்குலப் பிள்ளைகள் தங்களைவிட உயரமான பனங்குற்றியை இரண்டு பேராய்த் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் நடந்ததைச் சொன்னாள். முதன்முதலில் எல்லையில் ஓர் அணை கட்டி முடித்த காலையில், ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் கண்ணுக்குத் தெரியாமல் அது நீண்டு கிடந்ததையும், இதை நாங்களோ செய்தோம் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதையும் சொன்னாள். மாலையில் சண்டைக்குப் போகிறவர்கள் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து ஒருவருக்கொருவர் பின்னிவிட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே மலைப்பாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுள் தானும் ஒருத்தி என்பது வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதுபோல் இருந்தது.

பிறகு ஹரிஷாவை நேரே பார்த்துச் சொன்னாள்: “ஒண்டு எழுதோணும் பிள்ளை. நாங்கள் விரும்பிப் போனனாங்கள். கடைசி வருசம் வந்த பிள்ளையள் கனபேர் அப்பிடி இல்லை. பிடிச்சுக் கொண்டுவந்து விட்டவை. அவையும் அந்த அணையிலைதான் கிடக்கினம்.”

ஹரிஷா பேனையை வைத்துவிட்டாள். தனக்கு இதை எழுத என்ன தகுதி இருக்கிறது என்று இரவும் பகலும் யோசிப்பதாகச் சொன்னாள். இங்கே பிறந்து, இங்கே படித்து, ஒரு ஷெல் சத்தமும் கேட்காதவள். மாமியின் முகத்தைப் பார்த்துத்தான் எழுதும் தைரியம் வருகிறது என்றாள். அட்டையைக் காட்டக் கணினியைத் திருப்பினாள். திரை முழுக்க ஜெயகௌரி சிரித்தாள். கீழே இந்திராவின் பெயர்.

இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அண்ணை” என்றாள். “இந்திராவை எனக்குப் பதின்மூண்டு வருசம் தெரியும். ஆனா அந்தப் படத்திலை இருக்கிறது இந்திரா இல்லை. அது நான்.”

தில்லைநாதன் அவளைப் பார்த்தார். எழும்பிப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்று அங்கிருந்து அவளைப் பார்த்தார். ஜெயகௌரி கண்ணாடியைக் கழற்றினாள். அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது. அவருடைய கை மெல்ல உயர்ந்து வாயைப் பொத்தியது. அவர் முதலில் கேட்டது தன்னுடைய இழப்பைப் பற்றி அல்ல.

“உயிரோடை இருக்கிற பிள்ளைக்கோ நான் இவ்வளவு காலமும் மாலை போட்டு வைச்சனான்?”

அவசரமாக மாலையைக் கழற்றினார். பிளாஸ்டிக் பூ ஆணியில் மாட்டிக்கொண்டது, இழுத்து அறுத்தார். தட்டிலிருந்த ஒரு பூவால் விளக்குத் திரியை அமர்த்தினார். குறை நினைக்காதே பிள்ளை, குறை நினைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, உப்புக் குறைந்ததைத் தவிர வேறு முறைப்பாடு யாரும் சொல்லவில்லை என்றாள் ஜெயகௌரி. குணசேகரம் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

பிறகு தில்லைநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை மடியில் கிடந்தது. அவர் மெதுவாக, யாருக்கும் இல்லாமல், நடந்ததைச் சொன்னார். அவர் நாட்டை விட்டு வரும்போது தங்கச்சிக்கு ஆறு வயது. அவள் பெரியபிள்ளையானபோது எடுத்த படங்களைத் தாய் அனுப்பினாவாம். அந்தக் காலத்துத் தபாலில் அவை எங்கோ போய்விட்டன. பிறகு வீடே இல்லாமல் போனது, தாய் தகப்பனும் போனார்கள். சண்டை முடிந்து வருசங்கள் கழித்து, தங்கச்சியின் பொதிக்குள் இருந்தது என்று கை மாறிக் கை மாறிப் பாரிசுக்கு வந்து, அங்கே யாரோ சட்டம் போட்டு அனுப்பி வைத்த படம் இது. அவளுடைய பொதிக்குள் இருந்தது அவளுடைய படமாகத்தானே இருக்கும்? வளர்ந்த தங்கச்சி இப்படித்தான் சிரிப்பாள் என்று அவர் பழகிக்கொண்டார். அந்தச் சிரிப்போடு தினமும் கதைத்தார்.

“அப்ப என்ர தங்கச்சி எங்கை?” என்றார்.

ஜெயகௌரி எழும்பினாள். இன்டர்லாக்கனிலிருந்து மனத்துக்குள் பிடித்துக்கொண்டு வந்தது இதைத்தான். இருக்குமோ இல்லையோ அவளுக்குத் தெரியாது. படத்தின் அரைவாசி போய்விட்டது என்பது தொங்கிய படத்தின் அளவிலேயே தெரிந்தது. மிச்சத்தின் கரையை மாலையும், சட்டத்துக்குள் வைத்த தங்க நிறக் கடதாசியும் மறைத்திருந்தன. அந்தக் கடதாசிக்குக் கீழே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் இந்த மனிதரிடம் இருந்ததைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு அவள் ரெயில் ஏற வேண்டும்.

“சட்டத்தைக் கழட்டிப் பாக்கலாமோ அண்ணை?”

ஹரிஷா ஒரு கத்தி எடுத்து வந்து பின்பக்கத்து ஆணிகளை நெம்பினாள். கண்ணாடியை எடுத்தாள். தங்கக் கடதாசியை உரித்தபோது அது படத்தோடு ஒட்டியிருந்தது; நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பினாள். கடதாசி வந்தது. கீழே ஈரம் தின்ற ஓரம், கிழிந்த கோடு, அதற்கு இந்தப் பக்கம் ஜெயகௌரியின் இடத் தோள்.

தோளின் மேல் ஒரு கை.

மணிக்கட்டு வரைதான் இருந்தது. அதற்கு மேல் படம் இல்லை. தில்லைநாதன் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அந்தக் கையின் நடுவிரலில் ஒரு கணு குறைவாக இருந்தது.

“செயின்” என்றார். பிறகு படத்திலிருந்த அந்த விரலைத் தடவிக்கொண்டு, “நான் பெடலைச் சுத்திப்போட்டன். அவள் கையை வைப்பாள் எண்டு ஆர் கண்டது.”

“அவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவ, அண்ணை. அண்ணை சுவிசுக்குப் போகேக்கை என்ர விரலிலையும் கொஞ்சம் கொண்டு போட்டார் எண்டு.”

அந்தப் பெரிய வாய் திறந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. ஜெயகௌரி பதினாறு வருசமாய்க் கேட்காத சத்தம் அது. இந்திரா சிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகு அவர்தான் கேட்டார், ஜெயகௌரி சொன்னாள். எப்படி நடந்தாள், என்ன சாப்பாடு பிடிக்கும், பாடுவாளா. தோளில் கை வைப்பது என்ன வழக்கம் என்று ஹரிஷா கேட்டாள், அதையும் சொன்னாள். காய்ச்சல் காய்ந்த அந்த விடியப்புறத்தையும் மறைக்காமல் சொன்னாள். முறைக்கு முன்னமே வந்தவள் என்று அவள் சொன்னபோது தில்லைநாதன் தலையைக் குனிந்துகொண்டார். ஹரிஷா எப்போதோ ஒலிப்பதிவை நிற்பாட்டிவிட்டிருந்தாள். அட்டையை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. கணினியை மட்டும் மூடிவிட்டு, படத்தைத் தங்கக் கடதாசி இல்லாமல் திரும்பச் சட்டத்துக்குள் வைத்தாள்.

தில்லைநாதன் அதைச் சுவரில் மாட்டினார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உயிரோடு இருக்கும் முகத்துக்கு அதைப் போட முடியாது. கடைசியில் அதை ஒரு சுற்றுச் சுருட்டி, சட்டத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில், கை இருந்த பக்கத்துக்கு நேரே கீழே வைத்தார். திரும்ப விளக்கை ஏற்றினார். ஜெயகௌரி பூத்தட்டை எடுத்தாள். இந்த முறை பூ வைத்தாள்.

ஊஸ்டர் ஸ்டேசனுக்கு அவரும் கூட வந்தார். முழங்கால் நோகும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒரு பையில் ரோல்ஸும் மாம்பழமும் போட்டுக் குணசேகரத்திடம் கொடுத்திருந்தார். இன்டர்லாக்கனில் இப்போது பனி விழுகிறதா என்று கேட்டார். மேலே மலையில் விழுகிறது என்றார் குணசேகரம்.

ரெயில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஜெயகௌரி ஏறத் திரும்பிய நேரம், பின்னாலிருந்து அவளுடைய இடத் தோளில் ஒரு கை விழுந்தது. பழக்கமில்லாத கை, எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று தெரியாத கை. ஒருதரம் அழுத்தியது.

“நீங்கள் போங்கோ பிள்ளை” என்றார் தில்லைநாதன். “இனி நான் நிக்கிறன்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை பட்ட பிறகு திரும்பிப் பார்ப்பது அந்தப் படையணியில் வழக்கமில்லை.

சூரிச்சில் மாறி ஏறியதும் குணசேகரம் ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டார். பகிடியாக ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜெயகௌரி கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நித்திரையாகியிருந்தாள். எதிரே இருந்த பிள்ளை சத்தமாகப் போன் கதைத்தது; ரிக்கெட் பார்க்கிறவர் வந்து போனார்; அவள் எழும்பவில்லை. லூசேர்ன் வந்து, எல்லோரும் இறங்கி முடிந்த பிறகும், குணசேகரம் இன்னும் கொஞ்ச நேரம் எழுப்பாமல் இருந்தார்.